மன்னர் தியானம் செய்த இடம்

வாரத்தில் ஆறு நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு ஏழாவது நாள் தூங்குவதற்காகவே விடிகிறது என்று அந்த ஓட்டுநர் நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அப்படி நம்பவில்லை.

"எங்கப்பா வந்து ஒரு மாசமாச்சு. நாலு சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கார். ஒரு இடத்துக்காவது கூட்டிட்டுப் போங்களேன்."

"எங்க போறது?"

"அரண்மனை அருங்காட்சியகம். உங்க பொண்ணும் இன்னும் பாத்ததில்லை."

தினமும் காலையிலும் மாலையிலும் அதன் மதில் ஓரமாகத்தான் அவர் பேருந்தை ஓட்டிப் போகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை. இருந்தாலும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவருடைய மாமனார் ரயில்வேயில் கொடி காட்டும் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் அவருக்கு விதிதான். ஒரு சைக்கிள்கூட வராத சாலையிலும் பச்சை விளக்கு எரியும்வரை ஓரமாக நிற்பார். மருமகனிடம் அவருக்கு அளவு கடந்த மரியாதை உண்டு. மரியாதை அதிகமானதால் பேச்சு குறைவு. "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். "ஆச்சு மாமா" என்பார் இவர். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் நடந்த உரையாடல் மொத்தமும் இதுதான். ஏதாவது வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். மகள் இவரிடம் சொல்வாள்.

நாலாவது ஆள் ஓட்டுநரின் பத்து வயது மகள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்து, தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தார்.

"தண்ணி உள்ளே போகக் கூடாது."

"எங்கப்பாவுக்குத்தாங்க. மாத்திரை சாப்பிடறவர், அடிக்கடி தாகமெடுக்கும்" என்றாள் மனைவி.

"அப்போ இங்கயே குடிச்சிடச் சொல்லுங்க. குடிச்சிட்டா பிரச்சினையில்லை."

"குடிச்சாலும் தண்ணி உள்ளதானே போகும்?" என்றாள் வக்கீல்.

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டில்ல போகக் கூடாது. ஆள்ல போகலாம். விதி அப்படித்தான்."

விதி என்ற சொல் காதில் விழுந்ததும் மாமனார் பாட்டிலை வாங்கிக்கொண்டார். கீழே கொட்டிவிடலாம். ஆனால் மதிலில் 'இங்கே எதையும் கொட்டாதீர்' என்று எழுதியிருந்தது. அதனால் அண்ணாந்து, மூச்சு வாங்க, அந்தப் பெரிய பாட்டில் முழுவதையும் குடித்து முடித்தார். காலையில் அவர் போட்டுக்கொண்டது இரத்த அழுத்த மாத்திரை. உடம்பிலிருக்கும் நீரை வெளியே தள்ளுகிற வகை அது. அந்த நேரத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

உள்ளே ஒரு வழிகாட்டி காத்திருந்தார். வழிகாட்டி இல்லாமல் யாரும் எதையும் பார்க்கக் கூடாதாம்.

"எல்லாரும் அம்புக்குறியைப் பாத்து நடக்கணும். ஒருவழிப் பாதை. எந்தக் காரணத்துக்காகவும் திரும்பி வரக் கூடாது. ஏன்னா வரலாறு திரும்பி நடக்காது" என்று சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்றார். யாரும் தட்டவில்லை.

முதல் கூடம் அருங்காட்சியகத்தின் வரலாறு. அருங்காட்சியகத்தை ஒருவர் ரிப்பன் வெட்டித் திறக்கும் படம். அதன் விரிவாக்கத்தை இன்னொருவர் திறக்கும் படம். விரிவாக்கத்தின் புதுப்பிப்பை மூன்றாமவர் திறக்கும் படம். கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், பட்டுத் துணியின் மேல் ஒரு கத்தரிக்கோல் இருந்தது.

"மன்னரோடதா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லைம்மா. இந்த ரிப்பன் எல்லாத்தையும் வெட்டினது" என்று வழிகாட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒவ்வொரு விழாவுக்கும் வெளிய எடுப்போம். இந்தக் கட்டடத்துல இன்னும் வேலை செய்யற ஒரே பழைய பொருள் இதுதான்."

இரண்டாவது கூடத்தில் நிறைய பெட்டிகள் இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. ஒவ்வொன்றிலும் 'சீரமைப்புக்காக எடுக்கப்பட்டது' என்று ஓர் அட்டை மட்டும் சாய்ந்து நின்றது.

"எப்ப எடுத்தாங்க?" என்றாள் வக்கீல்.

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி."

"அப்போ நாங்க என்னத்தைப் பாக்கறது?"

"அட்டையைப் பாரு பாப்பா. எழுத்தைப் பாரு, எவ்வளவு அழகு! கையால எழுதினது. இப்ப இந்த மாதிரி எழுத ஆள் கிடையாது. இந்த அட்டைங்களையே போன வருஷம் பாதுகாக்கப்பட்ட பொருள்னு அறிவிச்சிட்டாங்க. இனிமே சீரமைச்ச பொருள் திரும்பி வந்தாக்கூட வைக்க முடியாது. அட்டையை எடுக்கணுமே!"

ஓட்டுநருக்குக் கால் கடுத்தது. உட்காரலாம் என்று பார்த்தால், கட்டடத்திலிருந்த நாற்காலிகள் எல்லாம் இறந்துபோனவர்களுக்கானவை. எல்லாவற்றின் குறுக்கேயும் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் சுவரில் சாய்ந்தார். சாயக் கூடாது என்றார் வழிகாட்டி. நிமிர்ந்து நின்றபடியே கொஞ்சம் தூங்க முடியுமா என்று முயன்று பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஆச்சு மாமா" என்றார் பழக்கத்தில்.

"அதில்லை மாப்பிள்ளை." மாமனாரின் முகம் வெளுத்திருந்தது. அவருடைய மகள் தூரத்தில் வக்கீலை ஒரு பெட்டியிலிருந்து பிரித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தூது அனுப்ப வேறு ஆளில்லை. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குக் கொஞ்சம்... ஒண்ணுக்கு வருது."

இந்த மனிதர் தன்னிடம் கேட்ட முதல் உதவி இது என்று ஓட்டுநருக்குப் பட்டது. உடனே வழிகாட்டியிடம் போனார்.

"கழிவறையா? அது வாசல்லயே இருக்கே. டிக்கெட் வாங்கற இடத்துக்குப் பக்கத்துல."

"சரி, போயிட்டு வந்துடறோம்."

"எப்படி போவீங்க? அம்புக்குறி இந்தப் பக்கம் இருக்கே. நேரா போய், எல்லாக் கூடத்தையும் பாத்து முடிச்சு, அந்தப் பக்கமா வெளிய வந்து, சுத்திக்கிட்டு மறுபடியும் வாசலுக்குப் போகலாம். கவலைப்படாதீங்க, அடுத்தது முற்றம். அங்க புதுசாவே ஒண்ணு கட்டியிருக்கோம்."

மாமனாரின் வெளுத்த முகத்தில் கொஞ்சம் களை திரும்பியது. முற்றத்தை நோக்கி அவர் நடந்த வேகத்தில் வரலாறு பின்தங்கியது.

முற்றத்தின் ஓரத்தில் பளபளவென்று ஒரு கட்டடம். கதவில் பூட்டு. பூட்டின் மேல் நிறம் வெளுத்த சிவப்பு ரிப்பன். பக்கச் சுவரில் கல்வெட்டு ஒன்று திரை போட்டு மூடியிருந்தது.

"இது நம்ம நவீன கழிவறை வளாகம்" என்று வழிகாட்டி ஆரம்பித்தார். "கட்டி முடிச்சு இரண்டு வருஷம் ஆகுது. திறந்து வைக்கறவர்கிட்ட தேதி கேட்டிருக்கோம், கிடைக்கலை. அதனால உள்ள போக முடியாது. வெளியிலிருந்து பாக்கலாம். படம் எடுத்துக்கலாம், ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க."

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் ஓட்டுநர்.

"காப்பாட்சியர் அய்யாகிட்ட. மாடியில இருக்கார்."

மாமனாரை மனைவியிடம் விட்டுவிட்டு ஓட்டுநர் படியேறினார். காப்பாட்சியர் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் ஒரு தொலைபேசியும் தூசு தட்டும் தூரிகையும் தவிர வேறு எதுவுமில்லை. ஓட்டுநர் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"உக்காருங்க. நீங்க விஷயம் தெரியாமப் பேசறீங்க. ஒரு கழிவறையைத் திறக்கறதுன்னா கதவைத் திறக்கறது இல்லை. இன்னிக்கு உங்க மாமனாருக்குத் திறந்தா நாளைக்கு இன்னொருத்தர் வருவார். அப்புறம் எல்லாரும் வருவாங்க. உள்ள போவாங்க, உபயோகப்படுத்துவாங்க. அப்புறம் அதைத் திறந்து வைக்கறவர் வந்து பாத்தா என்ன நினைப்பார்?"

"கழிவறைன்னு நினைப்பார் சார்."

காப்பாட்சியர் பெருமூச்சு விட்டார். "மனசு விட்டுச் சொல்றேன். எங்களுக்கு இருக்கற ஒரே பிரச்சினை பார்வையாளர்கள்தான். அவங்க வர்றதாலதான் தரை தேயுது. அவங்க மூச்சு விடறதாலதான் ஓவியம் மங்குது. போன வருஷம் மூணு மாசம் மூடி வெச்சிருந்தோம். ஒரு புகார் இல்லை, ஒரு கீறல் இல்லை. இந்த நிறுவனம் அவ்வளவு சிறப்பா இயங்கினதே கிடையாது. சரி, பெரியவருக்கு என்ன வயசு?"

"எழுபத்திரண்டு."

"அடடா. நூறு வருஷம் தாண்டியிருந்தா தொன்மைப் பொருள் சட்டத்துல ஏதாவது செய்யலாம். அதுக்குக் கீழ இருக்கறதைக் காப்பாத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை."

ஓட்டுநருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அலுப்புதான் வந்தது. ஆறு நாள் அலுப்போடு இதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

கீழே குடும்பம் அடுத்த இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. ஒரு சின்னக் கல் அறை. வாசலின் குறுக்கே கயிறு. உள்ளே தரையில் பாதம் வைக்கிற மாதிரி இரண்டு கற்கள் உயர்ந்திருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு துளை.

"இதுதான் இந்த அரண்மனையோட இதயம்" என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். "மன்னரின் தியான அறை. எங்க இயக்குநர் அய்யா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. அதுக்காகத்தான் அவருக்கு டாக்டர் பட்டமே கொடுத்தாங்க. மன்னர் காலையில எழுந்ததும் முதல் வேலையா, வேற யார்கிட்டயும் பேசாம, வேகமா இங்க வந்துடுவார். இந்த இரண்டு கல் மேலயும் பாதத்தை வெச்சு, குத்துக்காலிட்டு உக்காந்து தியானம். மந்திரியா இருந்தாலும் உள்ள விடமாட்டார். விருந்துக்கு மறுநாள் தியானம் ரொம்ப நேரம் நீடிக்கும்னு குறிப்பு இருக்கு. நடுவுல இருக்கற இந்தத் துவாரம் பிரபஞ்சம்."

"அம்மா, இது கக்கூஸ் மாதிரியே இருக்கு" என்றாள் வக்கீல்.

"வாயை மூடு" என்றாள் அம்மா. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

மாமனார் எதையும் கேட்கவில்லை. ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, நெற்றி வியர்க்க, துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் வருவது தெரிந்ததும் நிமிர்ந்தார். மருமகனின் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்துவிட்டது.

"மாப்பிள்ளை, என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார். "இனிமே என் கையில இல்லை. பேத்தியை மட்டும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. அவ பாக்க வேண்டாம்."

வேட்டி நனைந்தபடி அவர் நிற்பதையும், அதற்குப் பிறகு சாகும்வரை தன் முகத்தைப் பார்க்காமலே அவர் சோறு உண்பதையும் ஓட்டுநர் நினைத்துப் பார்த்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை. மனைவியின் தோளிலிருந்த சால்வையை உருவினார். கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

"உள்ள போங்க மாமா."

"கயிறு கட்டியிருக்கே மாப்பிள்ளை!"

"கழட்டிட்டேன். போங்க. நான் நிக்கறேன்."

மாமனார் போனார். ஓட்டுநர் வாசலுக்கு முதுகைக் காட்டி, சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வழிகாட்டி அலறினார். காவலாளி விசிலை ஊதியபடி ஓடி வந்தார். வக்கீல் அப்பாவை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சால்வைக்குப் பின்னால் ஒரு சத்தம் தொடங்கியது. அது தரைக்கடியில் இறங்கி, சுவருக்குள் புகுந்து, எங்கேயோ தொலைவில் போய் விழுந்தது. வெகுநேரம் கேட்டது. அகழியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் "ஏய், யாருய்யா மேல?" என்று கத்தியதும் கேட்டது.

மாமனார் வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தார்.

கால் மணியில் எல்லோரும் காப்பாட்சியர் அறையில் இருந்தார்கள். நால்வருக்கும் நாற்காலி போட்டார்கள். ஓட்டுநர் காலை நீட்டி உட்கார்ந்தார். கைது செய்தாலும் பரவாயில்லை, எழுந்திருக்கச் சொல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

காப்பாட்சியர் கடுமையான குரலில்தான் ஆரம்பித்தார். "தியான அறையை அசுத்தம் பண்ணியிருக்கீங்க. காவலாளி, போய் ஈரத்தைப் படம் எடுத்துட்டு வா."

"பாத்துட்டேங்கய்யா. ஈரமே இல்லை. சொட்டு நிக்காம எல்லாம் துவாரம் வழியா அகழிக்குப் போயிடுச்சு. என்ன கட்டுமானம்ங்கய்யா! இதுக்குன்னே கட்டின மாதிரி—"

காவலாளி பாதியில் நிறுத்திக்கொண்டார். காப்பாட்சியரின் கை மெதுவாகத் தொலைபேசிக்குப் போனது. பதறிப்போன வழிகாட்டி ஏற்கெனவே இயக்குநரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், அது தானாகவே அடித்தது. காப்பாட்சியர் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"என்ன நடந்தது அங்க?" என்றது தொலைபேசி. "அந்த அறைக்காக நான் ஏழு வருஷம் உழைச்சிருக்கேன். எத்தனை நாட்டு அறிஞர்கள் வந்து அந்தக் கல் மேல குத்துக்காலிட்டு உக்காந்து படம் எடுத்திருக்காங்க தெரியுமா? இன்னிக்கும் காலையில எழுந்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த அறைதான். அங்க போய் ஒருத்தர் ஒண்ணுக்குப் போனார்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? எங்க போச்சுன்னு கேப்பாங்க. ஏன் போச்சுன்னு கேப்பாங்க."

"தோட்டக்காரர் பாத்திருக்கார் அய்யா."

"தோட்டக்காரர் எதையும் பாக்கலை. அந்தப் பெரியவர் தியானம் பண்ணினார். அதை அவர் வாயாலயே ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டதும் அவங்களை அனுப்பிட்டு எனக்குச் சொல்லுங்க."

காப்பாட்சியர் உடனே மாறிப்போனார். தேநீர் வரவழைத்தார். தன் கையாலேயே மாமனாருக்குக் கோப்பையை நீட்டினார்.

"அய்யா, பதட்டப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க உள்ள போய் உக்காந்தீங்க. கண்ணை மூடினீங்களா?"

"மூடினேன்."

"வெளி உலகம் மறந்துபோச்சா?"

"ஆமா."

"மனசு லேசாச்சா?"

"ரொம்ப லேசாச்சு."

"அதுக்குப் பேருதான் தியானம்!"

"இல்லைங்க" என்றார் மாமனார். "அதுக்குப் பேரு ஒண்ணுக்கு."

இரண்டாவது கோப்பை தேநீர் வந்தது. கொடுத்ததை மறுப்பது மரியாதையில்லை என்று மாமனார் அதையும் குடித்தார். வழிகாட்டி தியானத்தின் வகைகளை விளக்கினார். காவலாளி, வாசலில் பாட்டிலைப் பிடுங்கியவர், இப்போது கைகூப்பாத குறையாக நின்றார். மனைவிகூட, "அப்பா, ஒரு வார்த்தை சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம்ப்பா" என்றாள்.

"வண்டி நின்னா நின்னுதுன்னுதான் சொல்லணும். ஓடுச்சுன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

ஓட்டுநர் குறுக்கிடவில்லை. பாதிக் கண் மூடி இருந்தது. இந்தப் பேச்சு இருட்டும்வரை இழுத்தாலும் அவருக்குச் சம்மதம். வக்கீல் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள்.

மூன்றாவது கோப்பைக்குப் பிறகு மாமனார் நெளிய ஆரம்பித்தார். மருமகனின் கையைத் தொட்டார்.

"மாப்பிள்ளை."

"மறுபடியுமா மாமா?"

மாமனார் தலையாட்டிவிட்டு, காப்பாட்சியர் பக்கம் திரும்பினார். "சார், நான் பண்ணினதுக்கு உங்க விதிப்படி என்ன பேரு சொன்னீங்க?"

"தியானம்!"

"அப்படின்னா எனக்கு மறுபடியும் தியானம் வருது. அவசரமா வருது."

"ஒத்துக்கிட்டார்!" என்று துள்ளி எழுந்த காப்பாட்சியர், ஒத்துக்கொண்டது எதை என்று புரிந்ததும் அப்படியே நின்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் பின்னால் ஓடினார்கள்; தூங்கும் வக்கீலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டுநரும் ஓடினார். முற்றத்தில், கத்தரிக்கோலுக்காகக் காத்திராமல், இரண்டு வருட ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தார். கதவு திறந்தது. உள்ளே வரிசையாக வெள்ளைத் தொட்டிகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மாமனார் ஒன்றை நெருங்கினார். காவலாளி குனிந்து அடியில் பார்த்துவிட்டுத் தடுத்தார்.

"இதுல குழாயே இல்லைங்கய்யா."

"குழாய் அடுத்த நிதியாண்டுல வரும்" என்று காப்பாட்சியர் முனகினார்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காப்பாட்சியரே முன்னால் நடந்தார். தியான அறைக்குப் போய், தன் கையாலேயே கயிற்றைக் கழற்றி, ஒதுங்கி நின்றார். இந்தத் தடவை சால்வையை வழிகாட்டி பிடித்துக்கொண்டார்.

அதற்குள் அடுத்த குழு அம்புக்குறியைப் பின்பற்றி வந்து சேர்ந்துவிட்டது.

"சத்தம் போடாதீங்க" என்றார் வழிகாட்டி. "உள்ள தியானம் நடக்குது."

எல்லோரும் பயபக்தியோடு மௌனமானார்கள். அந்த மௌனத்தில் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஏதோ ஓடை ஓடற மாதிரி இல்லை?" என்றார் ஒருவர்.

"மன்னர் காலத்து ஒலியமைப்பு" என்றார் வழிகாட்டி.

குழுவின் பின்வரிசையில் ஒரு நடுவயதுப் பெண் வெகுநேரமாக ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தாள். கூச்சத்தோடு முன்னால் வந்து காப்பாட்சியரிடம் மெல்லக் கேட்டாள்:

"சார், பொம்பளைங்களும் தியானம் பண்ணலாமா?"

காப்பாட்சியர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஒரு தாத்தா நகர்ந்து வந்து நிற்பதையும், அவருக்குப் பின்னால் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேர்வதையும் பார்த்தார்.

"வரிசையில வாங்க" என்றார்.

மாமனார் வெளியே வந்தார். எதுவும் சொல்லாமல் மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் தூங்கும் மகளை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். மனைவி வழிகாட்டியிடமிருந்து சால்வையைத் திரும்ப வாங்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அவர்கள் போவதை யாரும் கவனிக்கவில்லை. வரிசை முற்றம்வரை நீண்டிருந்தது.

காப்பாட்சியரின் சட்டைப்பையில் கைபேசி அடித்தது.

"என்னய்யா ஆச்சு? அந்தப் பெரியவர் ஒத்துக்கிட்டாரா?"

காப்பாட்சியர் வரிசையைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார்.

"ஒத்துக்கிட்டார் அய்யா. தியானத்துக்கு மக்கள்கிட்ட நல்ல வரவேற்பு இருக்கு."

"நான்தான் அன்னிக்கே ஆராய்ச்சியில எழுதினேனே!" என்றார் இயக்குநர்.